ஜூன் ஒன்றாம் தேதிக்காரிக்கு வந்த முதல் பரிசு

இன்று காலை அரூர் பஸ்ஸில் வந்து இறங்கிய மோனிஷா, ஒரு கேடயத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மரப்பலகை, நடுவில் ஒரு தகடு, ஓரமெல்லாம் தங்கப் பெயின்ட். கடையில் அடித்த பெயின்ட் இல்லை, நீ பிரஷ் பிடித்து அடித்தது. வழிந்து நின்றிருக்கும் இடங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அவள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாளாம், ஒரு வருடத்துக்கு மேலாகியும் பெயின்ட் வாடை போகவில்லை. எடுத்து முகர்ந்து பார்த்தேன். பைத்தியக்காரி மாதிரி இரண்டாம் முறையும் முகர்ந்தேன்.

நம் கேடயக் கதை உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வர எனக்குத் தைரியம் இல்லை.

இருபது வருடம் நாம் ஜோடியாக மேடை ஏறினோம். பள்ளி ஆண்டுவிழா, மாரியம்மன் பண்டிகை, விவசாயச் சங்கக் கூட்டம், எதையும் விடவில்லை. "ரெண்டு பொம்பளைங்க என்னாத்த சிரிக்க வெச்சுருவாங்க?" என்று கேட்ட கமிட்டிக்காரர்களே கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பொன்னாடை போர்த்தினார்கள். கேடயங்களை வைக்க வீட்டில் இடமில்லாமல் போனபோது நீதான் அந்தக் கூத்தை ஆரம்பித்தாய். பிறந்தநாள் வந்தால் வேறு யாருக்கோ கொடுத்த கேடயம் ஒன்றைப் பளபளப்பான தாளில் சுற்றிக் கொடுக்க வேண்டும். வாங்கியவள் அதை அங்கேயே பிரித்து, எழுதியிருப்பதை உரக்க வாசித்து, நன்றியுரை ஆற்ற வேண்டும். முதல் வருடம் நீ பழைய சாமான் கடையில் பிடித்துக் கொண்டுவந்தது கன்று வளர்ப்புப் போட்டியின் இரண்டாம் பரிசு.

"ஏன்டி, குடுக்கறதுதான் குடுக்கற, ரெண்டாம் பரிசுதான் கெடச்சுதா?"

"மொதப் பரிசு கன்னுக்குட்டிக்குப் போயிருச்சு. நீ மனசத் தளர வுடாத."

நான் பதிலுக்கு உனக்குக் கொடுத்தது ஆண்கள் கபடித் தொடரின் ஆட்டநாயகன் கேடயம். தொடை தட்டக் கற்றுக்கொடுத்த மாமியாருக்கு நன்றி என்று நீ ஆரம்பித்தாய். உன் மாமியாரே சிரித்தார்.

என் பிறந்தநாள் ஜூன் ஒன்று என்பதை வைத்தே நீ எத்தனை மேடையை ஓட்டியிருக்கிறாய்! பள்ளியில் சேர்க்க அழைத்துப் போன அன்று கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன். தலைமையாசிரியர் ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். என் வகுப்பில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் பிறந்தோம். "எங்க ஊர்ல ஜூன் ஒண்ணாந்தேதி ஆஸ்பத்திரியில பிரசவம் நடக்காதுங்க, பள்ளிக்கூடத்துலதான் நடக்கும்" என்பாய். அந்தக் கணக்கில் நான் உன்னைவிட மூன்று மாதம் மூத்தவளாகிவிட்டேன். அதற்காக எந்த மேடையிலும் என்னைச் சும்மா விட்டதில்லை. "பெரியவங்க மொதல்ல ஒக்காருங்க, முட்டி வலிக்கும்" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவாய்.

ஒரே ஒரு முறைதான் அந்த விஷயத்தில் நீ விளையாடவில்லை. ஒகேனக்கல்லில் நிகழ்ச்சி முடித்து மத்தியான பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். மடியில் மீன் வறுவல் பொட்டலம்.

"நெஜமாவே என்னைக்குப் பொறந்தன்னு உங்க வூட்ல யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டாய்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுதான் நான் நாலாவது படிக்கறப்பவே போயிருச்சே. அப்பாவக் கேட்டா மழ பேஞ்ச நாளுங்கறாரு. நம்ம ஊர்ல மழ பேஞ்ச நாளுன்னா தேடிப் புடிச்சிரலாம், வருசத்துக்கு நாலு நாள்தான்."

நான்தான் சிரித்தேன். நீ பென்னாகரம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். மீன் ஆறிப்போனது.

அப்புறம் மேடை குறைந்து, நம்முடைய யூடியூப் சேனல் பெரிதானது. அதியமான்கோட்டையில் டயர் கடைக்கு மேலே அறை எடுத்தோம். கல்லூரிப் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் என்று மாதக் கணக்கில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். நீ அவர்களை ஒரு வாரம் கேமராவைத் தொட விடமாட்டாய். டவுன் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் எப்படித் திட்டுகிறார், திட்டு வாங்கியவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டு வந்து ஒப்பிக்க வேண்டும். நான் டீ வாங்கி வரச் சொல்வேன். "இவகிட்ட இருந்தா டீ வாங்கக் கத்துக்கலாம், என்கிட்ட இருந்தா திட்டு வாங்கக் கத்துக்கலாம், எது வேணுமோ எடுத்துக்கங்க சாமி" என்று நீ சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான் மோனிஷா.

அவள் இருந்த அந்த மாதத்தில்தான் என் ஜூன் ஒன்று வந்தது. சென்னையிலிருந்து டிவிக்காரர்கள் ஒரு நிகழ்ச்சிக்கு என்னை மட்டும் கூப்பிட்டிருந்த நேரம். உன்னைக் கூப்பிடவில்லை. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தெரியாததை மறைக்கச் சிடுசிடுவென்று இருந்தேன். நீ பார்சலை நீட்டினாய்.

"பிரி."

"வெச்சிட்டுப் போடி, சாயந்திரம் பிரிக்கறன்."

"இப்பவே பிரி."

"ஒரே கன்னுக்குட்டிய எத்தன வருசத்துக்குப் பாக்கறது? வேல கெடக்குது."

"இது கன்னுக்குட்டி இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு நீ படியிறங்கினாய். நான் பார்சலைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

மாதக் கடைசியில் மோனிஷாவை வழியனுப்பும் நாள். நீ திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாய். அந்தப் பெண்ணுக்குப் பரிசு வாங்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு இல்லை. கேக் வெட்டி முடித்து எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சட்டென்று பரணில் கை விட்டேன். தாள்கூடக் கசங்காமல் இருந்தது. "இந்தா, நம்ம சேனலோட பரம்பரைச் சொத்து" என்று நீட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். சமாளித்துவிட்டோம் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டதுதான் பெரிய அசிங்கம்.

ஆடியில் ஒரு நாள், டயர் கடைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நீ கேட்டாய்: "நான் குடுத்தத பிரிச்சியா?"

"பிரிக்காம? வுழுந்து வுழுந்து சிரிச்சன்டி."

"சிரிச்சியா?"

"பின்ன? நன்றியுரையே தயார் பண்ணி வெச்சிருக்கன்."

"சரி" என்றாய். டம்ளரை வைத்துவிட்டுக் காசு கொடுக்கப் போனாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை நீ போன் செய்தாய்.

"இன்னைக்கு என்னா நாளு?"

"செவ்வாக்கெழம. என்னாத்துக்கு?"

"சும்மாதான். சாப்டியா?"

"ஷூட்டுல இருக்கன், அப்பறமா கூப்புடறன்."

கூப்பிடவில்லை. மறந்தே போனேன்.

தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நெஞ்சு வலி என்றாய், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாய். கல்யாண மண்டபத்தில் உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தோம். நான் பேசினேன். அழுதுகொண்டிருந்தவர்களை உனக்காகச் சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று கேடயக் கதையை எடுத்தேன். கன்றுக்குட்டி, கபடி, மாமியார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "கடைசியா அவ எனக்குக் குடுத்த கேடயத்துல என்னா எழுதியிருந்துச்சு தெரியுங்களா? 'மாவட்டத்திலேயே சிறந்த வாயாடி'!" என்றேன். மண்டபமே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. பிரித்தே பார்க்காத ஒன்றை உன் படத்துக்கு முன்னால் நின்று வாசித்தேன். நான்காவது வரிசையில் மோனிஷா உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்காததை, அழுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று வந்தவள் நின்றபடியே, "ஹேப்பி பர்த்டேங்கக்கா" என்றாள்.

"எனக்கு ஜூன் ஒண்ணாச்சேம்மா?"

அவள் பையைத் திறந்து கேடயத்தை வைத்தாள். தகட்டில் பெண் குழந்தை என்று இருக்கிறது. என் அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர். ஐப்பசியில் இன்றைய தேதி. அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: முதல் பரிசு. பின்பக்கம் பிறப்புச் சான்றிதழின் நகலை ஒட்டியிருக்கிறாய். எங்கப்பாவைப் பார்த்து எங்கம்மாவின் முழுப் பெயரைக் கேட்டு, ஆஸ்பத்திரியின் பழைய பதிவேட்டைப் புரட்டச் சொல்லி மூன்று நடை நடந்தாயாம். மோனிஷாவிடம் சொல்லியிருக்கிறாய். தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடம் என் வயதில் ஒரு வருடத்துக்கு மேல் கூட்டி எழுதியிருக்கிறது. நீதான் எனக்கு மூத்தவள். இருபது வருடம் நீ ஓட்டிய கிண்டலை நீயே உடைத்து, தங்கப் பெயின்ட் அடித்து என் கையில் கொடுத்திருக்கிறாய். நாற்பத்தைந்து வருடத்தில் என் நிஜமான பிறந்தநாளுக்கு வந்த முதல் பரிசு அது. அதைத்தான் நான் பரணில் வீசினேன்.

"உங்க பொறந்தநாளையே எனக்குக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சனுங்கக்கா. எவ்ளோ பெரிய மனசுன்னு எங்க வூட்ல எல்லார்கிட்டயும் சொன்னன்" என்றாள் மோனிஷா. "அந்த மீட்டிங்ல நீங்க வேற என்னமோ சொன்னப்பதான் புரிஞ்சுது. எப்படி வந்து சொல்றதுன்னு தெரியாம இத்தன மாசம் போயிருச்சு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெற்ற மகள் வயசுப் பெண், நான் கூசக்கூடாதே என்று தரையைப் பார்த்துப் பேசுகிறாள்.

"அவளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுங்க. நீங்க குடுத்த மறு வாரமே, நன்றி சொல்லலாம்னு அவங்க வூட்டுக்கு எடுத்துட்டுப் போனன்."

மறு வாரம் என்றால் ஆனி. நீ டீக்கடையில் கேட்டது ஆடி. ஆக, எல்லாம் தெரிந்துகொண்டுதான் "பிரிச்சியா?" என்று கேட்டிருக்கிறாய். நான் உண்மையைச் சொல்ல ஒரு வழி விட்டிருக்கிறாய். ஐப்பசியிலும் ஒரு தடவை விட்டுப் பார்த்தாய். நான் கிழமையைச் சொன்னேன்.

"என்னா சொன்னா?"

"'அவளா வந்து கேட்டா குடு, அதுவரைக்கும் நீ பத்திரமா வெச்சிரு'ன்னாங்க."

இத்தனைக்குப் பிறகும் என் புத்தி பார், அடுத்து நான் கேட்டது: "சிரிச்சாளா?"

மோனிஷா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "இல்லீங்கக்கா. வூட்டு கேட் வரைக்கும் கூட வந்தாங்க. பஸ்ஸு வர்ற வரைக்கும் நின்னாங்க. சிரிக்கல."

நீ சிரிக்காமல் அந்தப் பெண்ணோடு வாசல் கேட் வரைக்கும் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் இனி உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வரப்போவது அதுதான், மேடையில் நின்ற நீ இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. மண்டபத்தில் சிரித்த அத்தனை பேரிடமும் போய்ச் சொல்ல வேண்டும், சொல்கிறேன். மோனிஷாவிடம் இன்றே சொல்லிவிட்டேன். மிச்சம் இருப்பது நீதான். டீக்கடையில் நீ கேட்டாயே, அதற்கு என் பதில்: இல்லடி, நான் பிரிக்கவே இல்ல.