ஆண்: தெரியவில்லை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் குட்டியும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் "உசிரோட இருக்கேன், வேறென்ன?" என்பீர்கள். அதனால் முழங்கால் வலி எப்படி என்று மட்டும் கேட்கிறேன்.

இத்துடன் மரப்பிசின் இறுகிக் கல்லான ஒரு பிசின்கல் அனுப்பியிருக்கிறேன். உங்கள் தம்பி எடுத்த கடைசிக் கல். ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிமூட்டையில், சட்டைப்பைக்குள் இருந்தது. பதினொரு மாதமாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. முன்பு அந்த ஈ இருந்த கல்லைத் தேய்த்துக் கொடுத்தீர்களே, உங்கள் கண்ணாடிக் கடையில் வேலை குறைவான ஒரு நாளில் இதையும் தேய்த்துத் தாருங்கள். மேல்தோல் போனால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

அந்த ஈயைப் பற்றிய கட்டுரை முடிந்துவிட்டது. மனிதர்களே இல்லாத காலத்தில் மரப்பிசினில் மாட்டிக்கொண்ட பெண் ஈ. இதுவரை யாரும் எழுதாத இனம். காலில் எத்தனை முள்மயிர், இறகில் எந்த நரம்பு எங்கே வளைகிறது, எல்லாம் எழுதிவிட்டேன். ஒரு வரிதான் பாக்கி. "ஆண்:" என்று போட்டு நிறுத்தியிருக்கிறேன். ஒருவேளை இந்தக் கல்லில் இருக்கலாம்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். குட்டி இப்போது எதை எடுத்தாலும் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிக் காதில் வைத்துக் கேட்கிறாள். டம்ளர், சீப்பு, என் மூக்குக்கண்ணாடி, எதையும் விடுவதில்லை. கல்லா பிசினா என்று பார்க்க அவர் அப்படித்தானே செய்வார்? அவர் போனபோது இவளுக்கு மூன்று மாதம். யார் சொல்லிக்கொடுத்தது? நேற்று அந்த இழுப்பறை முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். கல்லை அனுப்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


மார்ச் 13

ஈக்காரிக்கு,

பொட்டலம் வந்தது. நீ சுற்றியிருந்த பஞ்சில் ஒரு தலையணையே தைக்கலாம். பிள்ளையையும் இப்படித்தான் சுற்றி வைத்திருப்பாய். மூச்சுவிட இடம் கொடு. தட்டினால் தட்டட்டும், பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால்தான் கவலைப்படணும்.

அவன் பிசின்கல் தோண்டிய குழியின் மேஸ்திரி மறுபடி வந்தார். "நான் அனுப்பலம்மா. லீவு நாள்ல அவனா வந்து சாவி கேட்டான்" என்று அதே பழைய பாட்டு. "செத்தவன் வந்து சாட்சி சொல்ல மாட்டான்ற தைரியமாய்யா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன். மூடின குழிக்குள் ஞாயிற்றுக்கிழமை ஒருவன் தானாகப் போவானா? யாருக்காகப் போவான்?

இவ்வளவும் எழுதிவிட்டுத்தான் பஞ்சுக்குள் கல்லைச் சுற்றியிருந்த கைக்குட்டையைப் பிரித்தேன். கல்லில் நூலால் ஒரு சீட்டுக் கட்டியிருக்கிறது. அவனுடைய கோழிக்கிறுக்கல். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி. "மூடின குழி, மேற்குச் சுவர்." அதன் கீழே: "மாப்பிள்ளை வந்தாச்சா பாரு, ஈக்காரி."

உன்னை ஈக்காரி என்று கூப்பிட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

இதற்கு என்ன அர்த்தம்? உன் பதில் வராமல் கல்லைத் தொடமாட்டேன்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

மேஸ்திரி சொல்வது உண்மை.

பெண் ஈ கிடைத்ததிலிருந்து எனக்கு அதே பேச்சு. இந்த வகையில் ஆணைப் பார்த்தால்தான் புது இனம் என்று அடித்துச் சொல்ல முடியும். "பொண்ணு வீட்ல உக்காந்திருக்கா, மாப்பிள்ளை பாக்க வேணாமா?" என்று அவர் கிண்டல் செய்வார். அந்தச் சனிக்கிழமை நான்தான், "கிண்டல் போதும், மேற்குச் சுவர்ல இன்னொரு தடவை பாத்துட்டு வந்தா என்னவாம்?" என்றேன்.

"குழியை மூடிட்டாங்கடி. மழையில சுவர் ஊறிக் கிடக்கு."

"ஒரு மணி நேரம்தானே?"

குட்டியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னேன். காலையில் எழுந்து பார்த்தால் ஆள் இல்லை.

பிறகு நீங்கள் மேஸ்திரியைத் திட்டியபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்களும் விட்டுப்போனால் குட்டிக்கு யார் என்ற பயம். ஒரு மனிதரின் பழியில் நான் குளிர்காய்ந்திருக்கிறேன்.

சீட்டை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கலாம். மூன்று முறை நூலை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். சீட்டில்லாத கல் வெறும் கல், எடுத்த இடத்திலேயே நின்று எழுதிக் கட்டணும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நின்று எழுதியிருக்கிறார், அக்கா. அந்த நேரத்தில், சுவர் சரிவதற்குள், வெளியே நடந்து வந்திருக்கலாம்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 8

அக்கா,

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

கல் போன பிறகும் குட்டி தட்டுவதை விடவில்லை. இப்போது சுவரில் தட்டுகிறாள். மேற்குப் பக்கச் சுவரில் மட்டும். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கட்டுரையை இன்னும் அனுப்பவில்லை.


மே 2

குட்டியின் அம்மாவுக்கு,

தேய்த்தேன். ஐந்து நாள் ஆயிற்று. தேய்க்கத் தேய்க்கக் கடை முழுக்க மரவாசம். கண்ணாடி வாங்க வந்தவர்கள், "எந்த மரத்தை வெட்டினீங்க?" என்று கேட்டார்கள்.

உள்ளே ஈ இல்லை. எறும்பு இல்லை, இலைத்துணுக்குகூட இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர், அதற்குள் ஒரு காற்றுக்குமிழி. கல்லைச் சாய்த்தால் குமிழி நகர்கிறது. அவ்வளவுதான். உன் வரியை முடித்துக்கொள். ஆண்: தெரியவில்லை.

மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். கதவை அவரே திறந்தார். உள்ளே வரச்சொன்னார், எனக்குத்தான் கால் வரவில்லை. வாசலிலேயே நின்று சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "இருந்தாலும் சாவியைக் கொடுத்தது நான்தானேம்மா" என்றார். ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறீர்கள். எனக்குத்தான் திட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது.

கல்லைத் திருப்பி அனுப்பமாட்டேன். சீட்டோடு இங்கேயே இருக்கட்டும்.

குட்டியைக் கூட்டிக்கொண்டு வா. சோறு இருக்கும், பாய் இருக்கும். உன்னோடு பேச்சு வருமா என்று எனக்கே தெரியாது. வராவிட்டால் ஏன் என்று கேட்காதே.

கல்லென்றால் கணீரென்னும், பிசினென்றால் மொத்தென்னும் என்பான். நானும் இரண்டு தட்டுத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தேன். இது இரண்டும் இல்லை. என்ன சத்தமென்று என் காதுக்குப் பிடிபடவில்லை. குட்டி வந்து கேட்கட்டும்.

அவன் அக்கா