நரசம்மா சொன்னதும் நான் சொன்னதும்

என் சரோஜா அக்காவுக்கு,

நீ ஊரைவிட்டுப் போன பிறகு, ஓசூர் இலவசச் சட்ட உதவி மையத்தில் நீ பார்த்துவந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் சட்டம் படிக்காதவள் ஆயிற்றே என்றேன். தெலுங்கும் கன்னடமும் பேசி வருகிறவர்கள் சொல்வதை வக்கீலம்மாவுக்குத் தமிழில் சொன்னால் போதும் என்றார்கள். அதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லையோ?

மூன்று மாதம் முன்பு சூளகிரிப் பக்கத்திலிருந்து நரசம்மா வந்தாள். ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கிறவள். புருஷன் அடித்ததில் இடது காது கேட்பதில்லை. "நேனு இண்டிக்கி போதானு" என்றாள். வீட்டுக்கே போகிறேன், ஆனால் இனி அடிக்க மாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள் என்றுதான் கேட்டாள், அக்கா. நான் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்கிறாள் என்று வக்கீலம்மா கேட்டபோது, "அவரோட இருக்க பயமா இருக்குதாம் மேடம். தனியா இருக்கணுமாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொல்லாமலே, அவள் கைநாட்டு வைத்தாள். அவன் அவளை நெருங்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் இருக்கிறாள். அடி நின்றுவிட்டது. ஆனால் போன வாரம் வந்து, தெலுங்கில் மெதுவாகக் கேட்டாள்: "நான் வூட்டுக்குப் போறேன்னுதான சொன்னேன்? அவரு வரக்கூடாதுன்னு ஏன் எழுதுனீங்க?" அவள் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வக்கீலம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "நல்லதுன்னு நெனச்சுதான் பண்ணிருப்ப. ஆனா அது அவங்க மனு இல்ல மஞ்சு, உன்னுது" என்றார்.

நேற்று நரசம்மாவை வரவழைத்து, உத்தரவை வரி வரியாக அவளுக்குத் தெலுங்கில் சொல்லச் சொன்னார். அவன் மறுபடி கை நீட்டினால் போலீசில் சொல்லலாம் என்ற இடம் வந்ததும், அவள் வலது காதை என் பக்கம் திருப்பி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். உத்தரவை விலக்கிக்கொள்ளலாமா என்று கேட்டோம். "ரெண்டு நாள் யோசிக்கறேன்" என்றாள். அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

நாளைக்கு வருகிறாள். அவள் திரும்பிப் போய் அடிவாங்கினால் அது யார் பாவம்? போகாவிட்டால், குடும்பத்தைப் பிரித்தவள் நானா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அக்கா.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அவள் சொல்வதையே சொல்வேன். வீட்டுக்குப் போகிறேன் என்றாலும் அதையே சொல்வேன். சொல்லிவிட்டு, அவள் ஏறுகிற பஸ்ஸிலேயே நானும் ஏறி, அவள் வாசல்வரை போய்விட்டு வருவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மஞ்சு