மேற்கே போன அம்பு

சங்கரன்கோவில்
20.10.1983

பிலாயில் இருக்கும் அன்புள்ள அன்னக்கிளிக்கு, உன் சின்ன மதினி கோமதித்தாய் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லாரும் உயிரோடும் உடம்பு சுகத்தோடும் இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அப்படியே இருக்க அம்மன் துணை. எப்போதும் எழுதுகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே. இந்தத் தடவை எழுத்துக்கு எழுத்து யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். உன் பெரியண்ணனும் உயிரோடு இருக்கிறார், சின்னண்ணனும் உயிரோடு இருக்கிறார்.

ஊரிலிருந்து உனக்குத் தந்தி ஏதாவது வந்திருந்தால் அதைக் கிழித்து அடுப்பில் போடு. நம் தெரு அம்மன் கோயில் நிர்வாகம் பார்க்கிற குருசாமி அண்ணாச்சி, விஜயதசமியன்று சாயங்காலம் உனக்குத் தந்தி கொடுக்கிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர். கொடுத்தீர்களா என்று கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றுகிறார். அதனால்தான் தீபாவளிப் பலகாரத்தோடு எழுதலாம் என்று இருந்தவள் இன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் சின்னண்ணனுடைய வில் பைத்தியம் உனக்குத் தெரிந்ததுதான். முட்டை வாங்கிய பையைக்கூடத் தொடாத மனுஷன், செய்வதெல்லாம் வேட்டை வில். யூனியன் ஆபீஸ் வேலையாகச் சிவகிரிப் பக்கம் போனபோது மலையடிவாரத்தில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் பழைய வில் ஒன்று தொங்கியதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது இன்றைக்கும் விடவில்லை. சடச்சி மரத்துக் கம்பு தேடி அலைவார். கிடைத்ததை என் அடுப்புக்கு மேலே பரணில் கட்டிப் புகையில் காயப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கண்ணாடிச் சில்லை வைத்துக் கம்பைச் சுரண்டிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்துவிடுவார். மருள் கற்றாழை நாரைத் தொடையில் வைத்துத் திரித்து நாண் செய்வார். எனக்கும் இதில் ஓர் உத்தியோகம் உண்டு. வில்லைச் சுவரில் மாட்டி, நாணில் கயிறு கட்டி, நான் இழுக்க வேண்டும். அவர் எட்ட நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைகிறதா என்று பார்ப்பார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பார். அதற்குள் உலையில் சோறு குழைந்துவிடும்.

காவடிக் கம்பு விஷயத்தை உனக்கு ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருப்பார்கள். நான் இருந்து பார்த்தவள். உங்கள் அப்பா திருச்செந்தூருக்குக் காவடி எடுத்த கம்பு எங்கள் வீட்டுப் பூஜை அறை மூலையில் நின்றதல்லவா, அதுவும் சடச்சிதான். இத்தனை வருஷம் காய்ந்த கம்பு தேடினாலும் கிடைக்காது, அப்பா சுமந்த கம்பு தூசி பிடித்து நிற்பதைவிட வில்லாக நிற்கட்டும் என்று உன் சின்னண்ணன் நினைத்தார். அவருக்கு அது மரியாதையாகத்தான் பட்டது. அதைப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கம்பு நடுவில் பலவீனமாகிப் போயிருந்தது போல, இழுத்த இழுப்பில் முறிந்துவிட்டது. தற்செயலாக வந்த பெரியண்ணன் இரண்டு துண்டையும் பார்த்தார். "அப்பாவை முறிச்சுப் போட்டியேல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர்தான். ஆறு வருஷமாக எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அதற்குப் பிறகு இவர் முறியாத வில் செய்கிறேன் என்று எத்தனையோ செய்துவிட்டார். அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை பேசுங்கள் என்றால் மட்டும் காது கேட்காது.

சரி, விஜயதசமிக்கு வருகிறேன். நம் அம்மன் குதிரையில் ஏறித் திடலுக்குப் பாரிவேட்டைக்குப் போவாளே, அங்கே பூசாரி அவளுக்காக நாலு திசைக்கும் அம்பு விடுவாரே, நினைவிருக்கிறதா? மூங்கில் சிம்பை வளைத்துச் சணல் கட்டிய வில்தான் இத்தனை நாளும். அம்பு குதிரையின் காலடியிலேயே விழும், கூட்டம் பாய்ந்து எடுக்கும். இந்த வருஷம் குருசாமி அண்ணாச்சி இவரிடம் வந்து, சாமிக்கு ஒரு வில் செய்து தரவேண்டும் என்று கேட்டார். இளகிய வில்லாக ஒன்று செய்து கொடுங்கள், பூசாரி கையில் வலு கிடையாது என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். சாமிக்கு விளையாட்டுச் சாமானா கொடுப்பது என்று கோபித்துக்கொண்டு, தன் வில்லிலேயே நல்ல வில்லை எடுத்து ஆமணக்கெண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்துவிட்டார். அம்பு நாணல் தட்டையில் செய்தது. வெள்ளைச் சேவல் இறகைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டியிருந்தார். நுனியில் இரும்பு இல்லை, நெருப்பில் வாட்டிய உடைமரக் குச்சிதான். ஆனாலும் கூர் கூர்தானே.

பூசாரி காளிராஜ் முக்கி முக்கி இழுத்தார். மூன்று திசைக்கு விட்ட மூன்று அம்பும் காலடியில் தொப்பென்று விழுந்தன. பெண்கள் பக்கம் சிரிப்பு. சணல் வில்லே தேவலை என்று யாரோ சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது. நாலாவது மேற்குத் திசை. இவர் விறுவிறுவென்று போய்ப் பூசாரிக்குப் பின்னால் நின்று, அவர் கைமேல் தன் கையை வைத்துக் காது வரைக்கும் இழுத்துவிட்டார். அம்பு போனதை நான் பார்க்கவில்லை. புளியமரத்துக்கு மேலே வெள்ளையாக ஏதோ ஒன்று மின்னியது, அவ்வளவுதான். கையை நீட்டிக்கொண்டிருந்த கூட்டம் கீழே தேடியது. இவர் முகத்தில் அந்த நேரம் ஒரு சந்தோஷம் இருந்தது அன்னக்கிளி, எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை. புளியமரத்துக்கு அந்தப் பக்கம் யாருடைய தோட்டம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெரியண்ணன் பாரிவேட்டைக்கு வரவில்லை. தம்பி செய்த வில்லை நான் எதற்குப் பார்க்க என்று தோட்டத்தில் இருந்துவிட்டார். நாங்கள் உடைமுள்ளுக்குள் அம்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் கிணற்றுப் பக்கமிருந்து பேச்சித்தாய் அக்காவின் அலறல் கேட்டது. காப்பி கொண்டுபோனவள், புருஷனைக் காணாமல் அலறியிருக்கிறாள். ஓடினோம். மாடு கட்டிக் கிடக்கிறது. வைக்கோல் படப்புக்குக் கீழே ஒரு வெள்ளைச் சேவல் இறகு. கிணற்று மேட்டில் அவர் செருப்பும் துண்டும். ஆளைக் காணோம்.

அடிபட்டுத் தண்ணீருக்காகக் கிணற்றுப் பக்கம் வந்து உள்ளே விழுந்திருப்பார் என்று எல்லாருக்கும் ஒரே நினைப்பு. முதலில் வாய் திறந்தவர் குருசாமி அண்ணாச்சி. அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்பது ஊருக்கே தெரியும், போலீஸ் கேட்டால் நான் என்ன சொல்லுவேன் என்றார். வில்லைக் கேட்டு வந்த வாய் அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் இவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிணற்றில் குதித்துவிட்டார். உன் சின்னண்ணன் நீச்சல் எந்த மட்டில் என்பது உனக்குத் தெரியும். முங்குகிறார், எழும்புகிறார், மறுபடியும் முங்குகிறார். மேலே வாருங்கள் என்று கத்தினால் கேட்கவில்லை. அண்ணன் போய்விட்டால் இவரும் மேலே வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெயில், வேலை என்றெல்லாம் மற்றவர்கள் பேசியது ஒன்றும் என் மனசில் நிற்கவில்லை. அண்ணாச்சி உனக்குத் தந்தி கொடுக்கக் கிளம்பியதும் அப்போதுதான். கிணற்றில் துழாவிப் பார்க்கப் பாதாளக் கரண்டியும் கயிறும் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் வீட்டில் இருக்கிறது என்று ஓடினேன்.

கரண்டியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறேன், உன் பெரியண்ணன் நிற்கிறார். குளித்து, விபூதி பூசி, வெறும் காலோடு. கையில் தாம்பாளம். தேங்காய், பழம், வாசமாக ஒரு மல்லிகைப்பூ மாலை, அதற்கு மேலே அந்த அம்பு.

தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசும் பழக்கம் அவருக்கு என்றைக்கு இருந்தது? கதவு நிலையைப் பார்த்தே சொன்னார்: "அம்பு எங்க படப்புல வந்து குத்திட்டு. சாமி திரும்பியிருக்கும்னு கோயிலுக்குப் போனா பூட்டிக் கெடக்கு, தெருவுல ஒரு ஆளைக் காணல, இந்தக் கதவுதான் தெறந்து கெடக்கு. எல்லாரும் எங்க போயிட்டாக?"

உங்களைத் தேடித்தான் என்று எப்படிச் சொல்ல? பாதாளக் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கயிறு தரையில் கிடந்து இழுபடுகிறது. எதற்கு இது என்று கதவு நிலையிடம் கேட்டார். கிணற்றில் அவர் உங்களைத் தேடுகிறார் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். தாம்பாளத்தை என் கையில் திணித்துவிட்டு ஓடினார் பார், அந்த வயதில் யாரும் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். அம்பு யார் நிலத்தில் விழுகிறதோ அவர் குளித்து, வெறுங்காலோடு, தேங்காய் பழம் மாலையோடு அதை அம்மனிடம் திருப்பித் தரவேண்டும் என்று ஒரு முறை உண்டாம். அம்பு திடலைத் தாண்டியதே கிடையாது என்பதால் ஊர் அதை மறந்துபோயிற்று. உங்கள் அப்பா பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். படப்பில் சாய்ந்து படுத்திருந்தவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து குத்தியிருக்கிறது. பயப்படவில்லையாம், அம்மன் தேடி வந்துவிட்டாள் என்று நினைத்தாராம். கிணற்றில் குளித்து, பம்புசெட் அறையில் இருந்த மாற்று வேட்டியைக் கட்டிக்கொண்டு, வரப்பு வழியாகப் பூக்கடைக்குப் போயிருக்கிறார். நாங்கள் ரோட்டு வழியாக ஓடினோம். அவர் கோயிலுக்குப் போனபோது பூசாரி முதற்கொண்டு அவரைத் தேடக் கிணற்றடியில் நிற்கிறோம்.

நான் தாம்பாளத்தோடு போய்ச் சேர்ந்தபோது அவர் கிணற்று விளிம்பில் குனிந்து நின்றார்.

"ஏலே சுப்பு, மேல ஏறி வால. நான் இங்கனதான் நிக்கேன்."

(பெயர் எழுதிவிட்டேன். அவரிடம் சொல்லாதே.)

இவர் கழுத்தளவு தண்ணீரில் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். சின்னப் பிள்ளை அழுவதுபோல வாய்விட்டு அழுதார், கிணறு முழுக்க அந்தச் சத்தம்தான். ஏறுவதற்குக் கையில் வலு இல்லை. பெரியண்ணன் கட்டியிருந்த மாற்று வேட்டியோடு படி இறங்கிப் போய்த் தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பேச்சித்தாய் அக்கா இரண்டு பேரையும் சேர்த்து வைத்து வைதாள், காது குளிர்ந்தது. நானும் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை. பிறகுதான் அம்மனைத் திடலில் தனியாக விட்டுவிட்டு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. மேளக்காரர் ஒருவர் மட்டும் துணைக்கு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் பெரியண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பும் அவருக்குப் பிடித்த கூட்டும் வைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பரணை அண்ணாந்து பார்த்தார். அங்கே காய்கிற கம்புகளிலேயே நீளமானதை, இதுதான் என் பெரிய வில் என்று இவர் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்ததைக் காட்டி, "இதுல எனக்கு ஒரு காவடிக் கம்பு சீவித் தால" என்றார். இவர் ஏணியை எடுத்துவந்து அவிழ்த்தார். மூன்று நாளாகக் கொல்லையில் அந்த வேலைதான். பெரியவர் எதிரில் உட்கார்ந்து, இங்கே மேடு, அங்கே மேடு என்று பிடுங்கி எடுக்கிறார். இவரும் சரி சரி என்று சுரண்டுகிறார். என் உத்தியோகம் போயிற்று, சோறு குழையவில்லை.

மழை இன்னும் பிடிக்கவில்லை, மிளகாய் நாற்று வாடுகிறது. உன் சின்னவனுக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், கற்பூரவல்லிச் சாறு கொடு, அங்கே குளிர் தொடங்கியிருக்கும்.

தைப்பூசத்துக்கு இரண்டு பேரும் திருச்செந்தூருக்குக் காவடி எடுக்கிறார்கள். காவடிச் செம்பில் பால் ஊற்றவேண்டியது வீட்டில் பிறந்த பெண். அன்னக்கிளிக்கு எழுதியாச்சா என்று பெரியண்ணன் நேற்று கதவு நிலையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

ஒன்று சொல்லுகிறேன், கோபப்படாதே. போன வருஷம் ஆடித்தபசுக்கு நீ வந்திருந்தாய். ரதவீதியில் மைமூனம்மாள் கடையில் வளையல் போட்டுக்கொண்டாய். யார் வீட்டில் தங்கியிருக்கிறாய் என்று அவள் கேட்டதற்கு ஒன்றும் சொல்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டாய். அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஒரு அண்ணன் வீட்டுக்குப் போனால் இன்னொருவருக்கு வருத்தம் என்று, பிறந்த ஊரில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் போனாயே. அதை நினைத்துப் பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி உனக்கு அந்த யோசனையே வேண்டாம். எந்த ரயில் என்று மட்டும் எழுது. ஸ்டேஷனுக்கு இரண்டு பேருமே வருவார்கள், பெட்டியை யார் தூக்குவது என்று வேண்டுமானால் சண்டை வரும். தீர்க்க சுமங்கலியாக, பிள்ளைகளோடு நல்லபடியாக வீடு வந்து சேர் தாயி.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் உன் மதினி
கோமதித்தாய்