சுவரில் அழுத பெண்கள்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே நாத்தனாரோடு வாக்குவாதம். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் ஓரம் தைக்கச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, துணியை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தைக்கிறார்.

"அத்தனையும் கறுப்பா? ஒண்ணாவது கண்ணுக்குத் தெரியிற மாதிரி போடக்கூடாதா?"

"அது டிசைன் சம்பந்தப்பட்டதுக்கா. அதை நான் பாத்துக்கறேன்."

"சரிம்மா. டிசைனுக்கு நீ, கண்ணு அவியறதுக்கு நான்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரித்துவிட்டால் அடுத்த உடுப்பு நீலத்தில் வேண்டும் என்பார்.

இந்தப் பட்டறையில் நான் வரைவேன், என் வீட்டுக்காரர் வெட்டுவார், இவருடைய அக்காவான நாத்தனார் தைத்து முடிப்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். போன வருஷம் இவர் இறந்த பிறகு வரைவதும் நான், வெட்டுவதும் நான். இவர் கத்திரிக்கோல் என் கைக்குப் பெரிது. டவுனிலிருக்கிற பெரிய துணிக்கடை இந்தக் கறுப்பு உடுப்பு வரிசையை விற்க எடுத்துக்கொண்டால் பட்டறை பிழைக்கும். இல்லையென்றால் இழுத்து மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விடுவதாக நாத்தனார் சொல்லியாயிற்று. அப்புறம் இந்த வீட்டில் என்னோடு சண்டை போட யார் இருக்கிறார்கள்?

மார்ச் 7, சனி

மறுபடியும் அந்த மாளிகைக்குப் போய் வரைந்து வந்தேன். ஊர்க்கோடியில் பாழடைந்து கிடக்கிறது, ஒருவரும் வருவதில்லை. உள்கூடத்தில் ஒரு சுவர் முழுக்க ஓவியம்; இந்தக் கறுப்பு வரிசையே அதைப் பார்த்துத்தான். பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். உடையும் கறுப்பு, பின்னால் வானமும் கறுப்பு. எல்லாருடைய கைகளும் மேலே. நடுவில் யாரோ எந்தக் காலத்திலோ அலமாரிக்காக ஒரு பெரிய பலகையை அறைந்து வைத்திருக்கிறார்கள். கலையுணர்வு என்றால் அது!

முன்பெல்லாம் மரப்பட்டையைப் பார்த்து ஒரு வரிசை செய்தோம், கடல் நுரையைப் பார்த்து ஒன்று. பழைய போர்வீரர்களின் மேலங்கி ஒரு வருஷம், ஒரு காவியத்தில் வருகிற மழை ஒரு வருஷம். "மழையை எப்படிம்மா நான் வெட்டுறது, ஓரம் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு, வெட்டியும் கொடுப்பார் இவர்.

இந்தச் சுவரை நான் தேடிப் போகவில்லை. இவர் போன மறுமாதம் வீட்டில் இருக்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தேன். மழை வந்தது, உள்ளே ஒதுங்கினேன். அத்தனை பெண்கள் கையைத் தூக்கிக் கதறிக்கொண்டு நின்றார்கள். அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன். கூட அழ ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

மார்ச் 14, சனி

நாத்தனார் நச்சரித்ததால் அவரையும் கூட்டிப்போனேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அழறவ எதுக்கு ஒத்தக் கால்ல நிக்கிறா?"

கோடியில் இருப்பவளுக்கு ஒரு குதிகால் உயர்ந்துதான் இருக்கிறது. தாங்க முடியாமல் சரிகிறாள் என்றேன்.

"சரியிறவ மாதிரி தெரியல. பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவ மாதிரி இருக்கு."

அழுகிற இடத்திலும் கேலி. திரும்பி வரும்போது அவரை விட்டுவிட்டு முன்னால் நடந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

உடுப்பின் கை சரியாக வந்துவிட்டது. கையைத் தூக்கினால் துணி தோளிலிருந்து பாரமாக இறங்குகிறது, இறக்கினால் மூடிக்கொள்கிறது. மாதிரி பார்க்கிற காடாத் துணியில் நான்கு முறை வெட்டிப் பாழாக்கிய பிறகு.

ஏப்ரல் 8, புதன்

பெரிய கடை மேடம் நேரிலேயே வந்தார். கொள்முதல் முழுவதும் அவர் கையில். எதையும் பாராட்ட மாட்டார், விரல் நுனியால் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார் என்பார்கள். கறுப்பு உடுப்புகளின் முன்னால் நின்றார். நிற்பதென்றால், நாற்காலி கொண்டுவந்து போடலாமா என்று நாத்தனார் கண்ணால் கேட்கிற அளவுக்கு நின்றார்.

சுவரைப் பற்றிச் சொன்னேன். அவர் கண் கலங்கியது. "இதை அப்படியே எழுதிக் குடுங்க. ஒவ்வொரு உடுப்புலயும் அட்டையா தொங்கட்டும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன்: 'பழைய மாளிகைச் சுவரில், இழந்தவருக்காகக் கையுயர்த்தி அழும் பெண்களின் கறுப்பு இது.'

மேடம் போனதும் நாத்தனார் காபி போட்டுக் கொண்டுவந்து மேஜைமேல் டொக்கென்று வைத்தார். "பிடிச்சுப் போச்சு போல. என் கண்ணு போனாலும் பரவாயில்ல." அவர் பாராட்டே இப்படித்தான்.

ஏப்ரல் 20, திங்கள்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அட்டையில் படம் போட வேண்டும் என்று மேடம் கேட்டதால் புகைப்படம் எடுக்கப் போனேன். மாளிகை வாசலில் சாரம். உள்ளே ஒருவர் ஏணிமேல் நின்று குச்சியில் பஞ்சைச் சுற்றிச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிற ஆள். நல்ல மனிதர், கேட்காமலே விளக்குகிறார். நடுவிலிருந்த அந்தப் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

பலகை இருந்த இடம் மட்டும் ஆரஞ்சு.

பளீரென்று, நேற்றுப் பூசின மாதிரி. ஒரு பெண்ணின் முந்தானை பலகை ஓரம்வரை கறுப்பு, அதற்கப்புறம் ஆரஞ்சு.

"எல்லாமே இந்த நிறம்தாங்க. ஈயத்துல செஞ்ச ஆரஞ்சுச் சிவப்பு. காத்தும் ஈரமும் பட்டு காலப்போக்குல கறுத்துடும்" என்றார் பஞ்சுக்காரர்.

வானம்? வானமும்தான். அந்தி வானமாக இருந்திருக்கலாமாம்.

"அப்போ எதுக்கு அழறாங்க?" என்று கேட்டேன். அசடு மாதிரி அதைத்தான் கேட்டேன்.

அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து கை நீட்டிக் காட்டினார். பலகை இருந்த இடத்தில், உயர்ந்த கைகளுக்கெல்லாம் நடுவில், உருண்டையாக ஒன்று.

பந்து.

விளையாடுகிறார்கள். அத்தனை பேரும் பந்து விளையாடுகிறார்கள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பட்டறைக்குப் போகவில்லை. நான் யாரோட அழுதேன் இத்தனை நாளா? ஒருத்தியாவது திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா — என்ன பேத்தல், சுவர்ல இருக்கிறவ எப்படித் திரும்புவா. எனக்குத்தான் கண்ணில்லை. குதிகாலைத் தூக்கிக்கிட்டு ஓடுறவளைப் பார்த்து சரியிறான்னு சொன்னேனே. தோளுக்குக் கீழே பறக்கிற துணியைப் பார்த்து பாரம்னு சொல்லி, அதை நாலு தடவை வெட்டி வேற பார்த்தேனே.

ஏப்ரல் 22, புதன்

நாத்தனாரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பந்தா?" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மடியிலிருந்த துணி நழுவி விழுந்தது, ஊசி எங்கே போனது என்று தெரியவில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி இருந்திருந்தா உன்னை ஒரு வருஷத்துக்குக் கேலி பண்ணாம விட்டிருக்க மாட்டான்" என்றார். கண்ணைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். அப்போதுதான் அது சிரிப்பு இல்லை என்று எனக்குப் புரிந்தது.

ஊசியைத் தேடி எடுத்துவிட்டு, "ஆரஞ்சுல போடலாம். நான் ராப்பகலா உக்காந்து தைக்கிறேன்" என்றார்.

மேடத்திடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

மேடத்தின் அறை மூன்றாம் மாடியில். குளிர் எலும்பில் ஏறுகிற அளவுக்கு ஏசி. எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார், பொறுமையாகவே கேட்டார்.

"ஆரஞ்சுல பந்து விளையாடுற பொண்ணுங்களை நான் யாருக்குங்க விப்பேன்? அழற பொண்ணுங்களை எல்லாருக்கும் தெரியும்."

"ஆனா அது நிஜமில்லையே மேடம்."

"உங்க அழுகை நிஜம்தானே? அது போதும்."

பிறகு, அட்டையில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாமா என்றார். 'கணவரை இழந்த ஒருவர் கைப்பட வடிவமைத்தது.' பெயர் வேண்டாமாம், அந்த வரி மட்டும் போதுமாம். சேர்த்தால் பருவத்துக்குப் பருவம் தொடர்ந்து எடுப்பார்கள். பட்டறையைப் பற்றிய கவலையே இருக்காது.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது. சரி மேடம் என்றேன்.

ஏப்ரல் 27, திங்கள்

அச்சடித்த அட்டைகள் வந்தன. நான் சொல்வதற்கு முன்பே நாத்தனார் கட்டைப் பிரித்துவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார், இரண்டாம் தடவையும் படித்தார்.

"என் தம்பி செத்ததை அட்டையில அடிச்சு தொங்க விடப் போறியா?"

"பட்டறை நிலைக்கணும்னா வேற வழியில்லக்கா."

"உனக்குப் புருஷன். எனக்கு அவன் யாரு? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. பதில் இல்லாதபோது எனக்குக் குரல் உயரும், உயர்ந்தது. பட்டறையை மூடிவிட்டுப் போவேன் என்று மிரட்டியது யார், உங்களுக்காகத்தானே இத்தனையும் என்று கத்தினேன். கூலிக்கு மெஷின் ஓட்டுகிற தையல்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நாத்தனார் கத்தவில்லை. "எனக்காகன்னு சொல்லாத. அப்படின்னா ஆரஞ்சுல போட்டிருப்ப" என்றார்.

மே 5, செவ்வாய்

நாத்தனாரை அவர் மகன் வண்டி எடுத்துக்கொண்டு வந்து அழைத்துப் போய்விட்டான். தொடங்கிய உடுப்புகளுக்கெல்லாம் ஓரம் தைத்து, பொத்தானுக்குக் காஜா எடுத்து, மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். அட்டையை மட்டும் ஒன்றில்கூடக் கோக்கவில்லை. அதை நான் உட்கார்ந்து கோத்தேன்.

ஜூன் 18, வியாழன்

எல்லாம் விற்றுவிட்டதாம். மேடம் இனிப்புப் பெட்டி அனுப்பியிருந்தார். தையல்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 12, ஞாயிறு

தனியாகச் சாப்பிடுவதற்குச் சமைப்பது பெரிய தொல்லை. உப்பு கூடிவிட்டது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. நானே சொல்லிக்கொண்டு நானே சாப்பிட்டேன். நாத்தனாருக்குப் போன் செய்யலாமா? அவர் எடுத்தால் என்ன பேசுவது? பட்டறை நன்றாக நடக்கிறது என்றா?

ஆகஸ்ட் 22, சனி

மதியம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நம் கறுப்பு உடுப்பைப் போட்டிருந்தாள். எதையாவது பிரித்துத் தைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அளவு நாடாவை எடுத்தேன். இல்லை, கைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள். பத்திரமாக ஒரு உறையில் போட்டு வைத்திருந்தாள்.

"நீங்கதான் இதை வரைஞ்சவங்களா? கடையில கெஞ்சி கெஞ்சி அட்ரஸ் வாங்கினேன்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஜனவரியில் புருஷன் இறந்துவிட்டானாம். யாரிடமும் அழ முடியவில்லையாம், அழுதால் குழந்தை பயப்படுகிறதாம்.

"இதைப் போட்டுக்கிட்டு கதவைச் சாத்திக்கிட்டு அவங்க மாதிரி கையைத் தூக்கிட்டு நிப்பேன்க்கா. அழுகை வந்துடும். கூட நிறைய பேர் இருக்கிற மாதிரி இருக்கும்."

அளவு நாடாவைச் சுருட்டி மேஜையில் வைத்தேன்.

"அந்தச் சுவர் எங்க இருக்குக்கா? ஒரு தடவை போய்ப் பார்க்கணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பழுது பார்க்கறதுக்காக மூடி வெச்சிருக்காங்கம்மா."

"தொறந்ததும் சொல்றீங்களா?"

தன் போன் நம்பரைச் சொன்னாள், குறித்துக்கொண்டேன். வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பிறகு நாத்தனாருக்குப் போன் போட்டேன், அவர் போன பிறகு முதல்முறையாக. எடுத்ததும் நலம் விசாரிக்காமல் ஒரு பெண் வந்ததைச் சொன்னேன். நடுவில் அழுதுவிட்டேன்.

"பாவம்" என்றார். எங்களில் யாரை என்று கேட்கவில்லை.

"நீ என்ன சொன்ன அவகிட்ட?"

"மூடியிருக்குன்னு சொன்னேன்க்கா."

"தொறந்துட்டாங்கன்னா?"

அந்தப் பெண்ணின் நம்பரை எழுதின தாளைக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பிடித்திருந்தேன். அவரும் போனை வைக்கவில்லை.