பேய்க்குப் போட்ட இலை

அக்கா,

இன்று மதியம் எதிர் வீட்டில் கருவாடு பொரித்தார்கள். அந்த வாசனைக்குப் பேய் வந்து நிற்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். எனக்கு நீதான் வந்து நின்றாய். ஓரகத்தியைப் போய் நீ, வா என்று எழுதுகிறாளே என்று யாராவது மூக்கின் மேல் விரல் வைத்தால் வைத்துக்கொள்ளட்டும். அண்ணனுக்கு நீயும் தம்பிக்கு நானுமாக ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே அடுப்பில் புகை குடித்தவர்கள் நாம். எனக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

நீ தூக்கத்தில் பேசுவாய். இதை எழுத எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. நம் மாமனார் விட்ட குறட்டையில் கூரையில் இருக்கிற பல்லி கீழே விழும். என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தால் கடலை உடைக்கிற சத்தம் கேட்கும். அவர்களுக்கெல்லாம் யாரும் பேயோட்டுகிற கோடாங்கியைக் கூப்பிடவில்லை. மருமகள் தூக்கத்தில் வாயைத் திறந்ததுதான் பெரிய குற்றமாகிவிட்டது.

அது ஜப்பான் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பர்மா அரிசி நின்றுபோய், ஆலங்குடிப் பக்கம் எங்கே பார்த்தாலும் கேப்பையும் வரகும்தான். வீட்டில் சோறு என்று ஒன்று வடித்தால் முதலில் ஆண்கள், அப்புறம் மாமியார், கடைசியில் நாம் இரண்டு பேர். அந்தக் கடைசியிலும் நீ என்னை முந்தவிட்டாய். வளர்கிற பிள்ளை, தின்னு என்று அகப்பையை என் தட்டில் கவிழ்த்துவிட்டு, சட்டியைக் கழுவி நீ குடிப்பாய். நான் தின்றேன். அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ என்னைத் திட்டுவாய்.

கடலை பறிக்கிற காலத்தில் ஒரு மதியம், முந்திரி மரத்தடியில் நீ கண் அயர்ந்தாய். உடம்பு அசந்து தூங்கினால்தான் உனக்குப் பேச்சு வரும். "இன்னும் ஒரு அகப்பை போடுங்க. அடிச்சட்டியிலயாவது இருக்கும்" என்றாய், தெளிவாக. பக்கத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் எழுந்து வந்து உன் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். தூங்குகிறவர்களின் கட்டைவிரலைப் பிடித்துக் கேட்டால் உள்ளே இருப்பது பதில் சொல்லும் என்பது அவருடைய நம்பிக்கை. யார் நீ, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பசிக்கிறது என்று சொல்லிவிட்டு நீ புரண்டு படுத்தாய்.

ஊருணிக் கரையில் பட்டினியாகச் செத்த யாரோ ஒருத்தி உன்னைப் பிடித்துக்கொண்டாள் என்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. உனக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. பேய் குடியிருக்கிற வயிற்றில் பிள்ளை எப்படித் தங்கும் என்று மாமியார் கேட்டார். உன் புருஷனுக்கு இரண்டாவதாகப் பொன்னமராவதிப் பக்கம் ஒரு பெண் பார்த்திருக்கிற பேச்சும் அதோடு வெளியே வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். உன்னை இலுப்பூரில் உன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்பது எனக்கே புரிந்தது. நீ அழவில்லை. பேயா நோயா என்று புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சொல்லட்டும், அதுவரைக்கும் யாரும் யாருக்கும் பெண் பார்க்க வேண்டாம் என்று மாமனார் முன்னால் நின்று சொன்னாய்.

உன் புருஷன், நீ, நான் மூவரும் கரி பஸ்ஸில் போனோம். பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்துப் பஸ் ஓட்டிய காலம் அது. மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். மருந்து வாங்க வீட்டிலிருந்தே காலி சீசா ஒன்றைக் கழுவி எடுத்து வந்திருந்தாய். எழுந்து நடக்கிறாயா, அலறி அடித்துக்கொள்கிறாயா, காய்ச்சல் வருகிறதா என்று டாக்டர் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாய். தூக்கத்தில் பேசுவது ஒரு வியாதி இல்லை, எத்தனையோ பேர் பேசுகிறார்கள், உடம்பு ஓய்ந்துபோனாலும் மனசில் கவலை இருந்தாலும் கொஞ்சம் கூடும், பேச்சுக்கு என்று மருந்து கிடையாது என்றார். நடந்தால், அலறினால் மட்டும் கூட்டிவரச் சொன்னார். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கடைசியாகக் கேட்டார். புருஷன் பக்கத்தில் நின்றதால் நீ தரையைப் பார்த்தாய். சீசா காலியாகவே திரும்பி வந்தது.

வெறும் சீசாவோடு போனால் மாமியார் விடமாட்டார், வெல்லத்தைக் கரைத்து ஊற்றி மருந்து என்று சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் உன் காதோடு சொன்னேன். நீ குரலைத் தாழ்த்தவே இல்லை. "நோயே இல்லங்கிறாக. மருந்துன்னு ஒரு மடக்குக் குடிச்சாலும், நோய்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரிடி. வெறும் சீசாவத்தான் கொண்டுபோவேன்."

மாமியார் அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். "மருந்து குடுக்கலேன்னா நோய் இல்ல. நோய் இல்லேன்னா பேய்தான்" என்றார். அவருக்கு அதற்கு மேல் வக்கீல் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை உச்சி நேரத்தில் ஊருணிக் கரைப் புளியமரத்தடியில் படையல். பேய்க்குத் தலைவாழை இலை போட்டார்கள். அத்தனை மாதமாக நம் கண்ணில் படாத நெல்லுச்சோறு எங்கிருந்துதான் கிளம்பியதோ, குவியலாக இருந்தது. சேவல் குழம்பு, அவித்த முட்டை, பொரித்த கருவாடு. எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது, பொய் சொல்வானேன். உன் தலைமுடியை விரித்துவிட்டு இலைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு சட்டியில் நெருப்பும் மிளகாய் வற்றலும் தயாராக இருந்தன. படையலை வாங்கிக்கொண்டு பேய் போகாவிட்டால் அந்தப் புகையை உன் மூக்கில் பிடிப்பார்கள். கோடாங்கி உடுக்கை அடித்து, என்ன வேண்டும் சொல் என்று அதட்டினார்.

"பசிக்குது" என்றாய்.

கூட்டம் பின்வாங்கியது. கோடாங்கிக்குச் சந்தோஷம். பேசுவது யார் என்று கேட்டார். நீ விரிந்த முடியை அள்ளி முடிந்துகொண்டு மாமியாரை நேராகப் பார்த்தாய்.

"நாந்தான். இந்த வீட்டு மூத்த மருமக. தூங்கையில கேட்டதும் நாந்தான், முழிச்சுக்கிட்டுக் கேக்குறதும் நாந்தான். எனக்குத்தான் பசிக்குது."

சொல்லிவிட்டு இலையை உன் பக்கம் இழுத்துச் சோற்றில் கை வைத்தாய். பேய்க்குப் படைத்ததைத் தொட்டவள் ரத்தம் கக்குவாள் என்பார்கள். நீ குழம்பை ஊற்றிப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டாய். யாராலும் தடுக்க முடியவில்லை. சாப்பிடுவது பேய் என்றால் தடுத்தவருக்கு ஆபத்து. சாப்பிடுவது மருமகள் என்றால், அவளைப் பட்டினி போட்டது யார் என்று ஊர் கேட்கும். அப்போது நீ என்னைப் பார்த்து, "இங்கிட்டு வாடி. கோழி நெறைய இருக்கு" என்றாய். ஊர் பார்க்க வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முட்டையைப் பிட்டுப் பாதியை என் கையில் வைத்தாய்.

கோடாங்கி உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டார். வீட்டில் உலை வைத்தால் போதும், இதற்கு நான் எதற்கு என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். உனக்கு விக்கல் எடுத்தபோது தண்ணீர்ச் செம்பை நீட்டியவர் உன் புருஷன். அன்று சாயங்காலம் தன் அம்மாவிடம், பொன்னமராவதிப் பேச்சை இதோடு விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. அதுவரை அவர் குரலை அவ்வளவு உரக்க நான் கேட்டதில்லை.

நீ ரத்தம் கக்கவில்லை. பிள்ளையும் பிறக்கவில்லை. அதற்காக நீ யாரிடமும் தலை குனியவும் இல்லை. மறுநாளிலிருந்து நமக்கென்று எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறினோம். வயிறு நிறைந்த பிறகும் நீ தூக்கத்தில் பேசினாய் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சோறு கேட்பது மட்டும் நின்றது. கோழியை விரட்டினாய், பஸ்ஸை நிறுத்தச் சொன்னாய், ஒருமுறை என்னோடு பெரிய சண்டை போட்டாய். வைத்தியம் பார்க்கவில்லையா என்று கடைசி வரைக்கும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பேச்சால் எனக்கு ஒரு வலியும் இல்லை, உங்கள் தூக்கம் கெட்டால் தள்ளிப் படுங்கள் என்பாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று உனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, இலை போட்டு, நீ வந்து சாப்பிட வேண்டும் என்று அறைக் கதவைச் சாத்தினார்கள். அடுப்படியில் என் சின்ன மருமகள் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். காப்பித்தண்ணிகூடக் குடித்திருக்கவில்லை, முகம் வெளுத்திருந்தது. நான் போய்க் கதவைத் திறந்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து உன் இலையில் உட்கார வைத்தேன். செத்தவர்களுக்குப் படைத்ததில் இப்படிச் செய்யலாமா என்று உன் அண்ணன் மகன் சத்தம் போட்டான். பந்திக்கு வந்த ஆண்கள் முகம் சுளித்தார்கள்.

"படைச்சது எங்க அக்காவுக்கு. அவுக இருந்தா இதத்தான் செஞ்சிருப்பாக. இவ சாப்புட்டு எந்திரிக்கட்டும், அதுவரைக்கும் நில்லுங்க" என்றேன்.

நின்றார்கள். இன்றைக்கும் என் வீட்டில் சமைத்தவள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு இலை விழும். காத்திருக்க முடியாதவர்கள் வந்து சமைக்கட்டும்.