நாலு விரல் முன்னே தள்ளிய சீட்டு

திண்டுக்கல்
12-8-1963

அன்பு மகள் சிவனம்மாளுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், ஜபல்பூரில் மாப்பிள்ளையும் நீயும் பேரப்பயலும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உன் அம்மா எனக்குத் தெரியாமல் அடுத்த வீட்டு இஞ்ஞாசியம்மாள் டீச்சரைக் கொண்டு உனக்குக் கடிதம் எழுதிய சங்கதி, கைப்பிள்ளையோடு ரயிலேறப் போகிறேன் என்று நீ எழுதிய பதிலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவசரப்பட்டுப் புறப்பட வேண்டாம் தாயி. எனக்கு வந்தது நெஞ்சுவலி இல்லை, வெறும் முதுகுவலி, அதுவும் முக்கால்வாசி போய்விட்டது.

சித்திரையில் முதலாளி எனக்கு வத்தலக்குண்டு லைனுக்குப் புது பஸ் கொடுத்தார், அதிலிருந்து பிடித்தது வினை. பத்தே நாளில் மேல்முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு வலி, சேவுகம்பட்டிப் பக்கம் வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் உயிர் போய் வரும். அம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள், வைத்தியர் எண்ணெய் கொடுத்தார், தேய்த்த அன்றைக்குச் சுகம், மறுநாள் வண்டியேறினால் பழைய கதைதான். இதற்கு நடுவில் எங்கள் கம்பெனி டிரைவர் கருப்பணன் முதுகு வலிக்கிறது என்று படுத்தவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரிடம் போனால் வண்டியை விட்டே இறக்கிவிடுவார்களோ என்று ஒரு மாதம் வாயைத் திறக்காமல் ஓட்டினேன். கடைசியில் கண்டக்டர் முனீர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கச் சொன்னார், ஒன்றும் வலிக்கவில்லை. தோள்பட்டைக்குக் கீழே ஒரு விரலால் அழுத்தினார், கத்திவிட்டேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பஸ் ஓட்டிக் காட்டச் சொன்னார். வெட்கத்தோடு ஓட்டிக் காட்டினேன். முனீர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இது பாதிதான் சார், வண்டியில இன்னும் ஒரு சாண் எட்டித்தான் பிடிக்கிறாரு" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். "அம்புட்டுத் தூரம் கையை நீட்டி நாளெல்லாம் ஒடிச்சா சதை என்னத்துக்கு ஆகும்? நெஞ்சுல ஒண்ணுமில்ல, போயி சீட்டைச் சரி பண்ணுங்க" என்றார். அந்த சீட்டு ஆறடி ஆளுக்குப் பூட்டியது, நானோ குள்ளம். மெக்கானிக் கண்ணுசாமி போல்ட்டைக் கழற்றி நாலு விரல் முன்னே தள்ளிப் பூட்டினார், முதுகுக்கு ஒரு பஞ்சு மெத்தையும் கட்டினார். டாக்டர் சொன்னபடி ஒரு வாரம் ஓய்வு, வெந்நீர் ஒத்தடம், பிறகு காலையும் மாலையும் இரண்டு தோள்பட்டையையும் பின்னால் சேர்த்துச் சேர்த்து விட வேண்டும், பத்துத் தடவை. வத்தலக்குண்டு ஸ்டாண்டில் நான் இதைச் செய்யும்போது ஓர் அம்மாள் முனீரிடம், டிரைவருக்கு எந்தச் சாமிக்கு நேர்த்தி என்று கேட்டாராம்.

நீயும் பிள்ளையை எந்நேரமும் ஒரே இடுப்பில் வைத்துக்கொண்டு திரியாதே, பக்கம் மாற்றி வை, குனிந்தே தைக்காதே. அம்மாவுக்குச் சொல்லாத ஒன்று உனக்குச் சொல்கிறேன், பயந்து கிடந்த அந்த ஒரு மாதமும் சாவை நான் நினைக்கவில்லை, பேரனை ஒரு தடவைகூடத் தூக்காமல் போய்விடுவேனோ என்றுதான் நினைத்தேன். தை மாதம் மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் மூன்று பேரும் சாவகாசமாக வாருங்கள். ரயிலடியில் பிள்ளையை நான்தான் வாங்குவேன். தூக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டேன், தூக்கலாமாம்.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசிகள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேரன் என்ன எடை இருக்கிறான் என்று மறக்காமல் எழுது.

உன் அப்பா,
ப. சோலைமலை