கடலுக்குள் திரும்பக் குதித்தவர்

ஞாயிறு, 12 நவம்பர் 2006

நான் வேண்டாம் என்று சொல்லியும் மனைவி தன் தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டதிலிருந்து அவளோடு நான் பேசுவதில்லை. இன்று மோர்டனில் மகளின் பியானோக் கச்சேரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். மகள் வாசித்தது ஒரு ஸ்பானியரின் இசை. கப்பல் தாக்கப்பட்டபோது காப்பாற்றப்பட்ட அவர், மனைவி தண்ணீரில் தத்தளிப்பதைக் கண்டு திரும்பக் குதித்து இறந்தாராம். ஆசிரியை சொன்னார்.

“நீங்கள் குதிப்பியளோ?” மனைவி காதுக்குள் கேட்டாள்.

“எனக்கு நீந்த ஏலாது.”

“அந்தாளுக்கும் கடலெண்டாப் பயமாம். மகள் சொன்னவள்.”

“அந்தாளுக்கு மச்சான் இருந்திருக்க மாட்டான்” என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் தூங்கிப்போனாள். அவளுடைய தம்பியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நாங்கள் இறங்கவேண்டிய தரிப்பு வந்தது. பஸ்ஸை நிறுத்த மணியை அடிக்கப்போன மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.